இரண்டு மாத்திரை, மூன்றாவதால் வரும் ரத்தக்கசிவு

ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர் கையில் ஒரு பை நிறைய மாத்திரை இருக்கும். சுகருக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. அவற்றில் இரண்டு மட்டும் ஒரே வேலையை இரண்டு வழியில் செய்பவை. ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் மூன்றில் ஏதோ ஒன்று. "இந்த ரெண்டை மட்டும் ஒருநாள்கூட விட்டுடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். "ரத்தக்கசிவு வரலாம், பாத்துக்குங்க" என்றும் சொல்லியிருப்பார். முதலாவது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விடும்.

வேலூர்ப் பக்கம் இந்த ஜோடி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இல்லாத தெரு குறைவு. சி.எம்.சி. இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உயிர் காக்கிற மாத்திரைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவற்றால் வரும் பக்க விளைவுகளில் பெரும்பங்கு, இவற்றோடு நாமே சேர்த்துக்கொள்ளும் மூன்றாவது ஒன்றால் பெரிதாகிறது என்பதுதான் என் எண்ணம். அந்த மூன்றாவது பெரும்பாலும் மூட்டுவலி மாத்திரை.

முதலில் இவை என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ரத்தம் தண்ணியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் ஆவதில்லை. ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்துகின்றன. ஸ்டென்ட் என்ற உலோக வலையும் உடம்புக்கு ஒரு காயம் மாதிரிதான். அதன்மேல் உள்தோல் படர்ந்து மூடும் வரை தட்டணுக்கள் அங்கே போய் ஒட்டப் பார்க்கும். ஒட்டினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், மறுபடி மாரடைப்பு வரும். தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட திராம்பாக்சேன் என்ற பொருளை வெளிவிடுகின்றன. ஆஸ்பிரின் அந்த உற்பத்தியை அடைக்கிறது. குளோபிடோக்ரெல் வகையறா, தட்டணுவின் மேலுள்ள பி2ஒய்12 என்ற இன்னொரு வாசலை மூடுகிறது. ஒரு வழியை மட்டும் மூடினால் இன்னொரு வழியில் வேலை நடக்கும் என்பதால்தான் இரண்டும்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தொட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும் வரை திரும்ப வேலை செய்யாது. ஆயுள் 7 முதல் 10 நாள். அதனால்தான் இன்று மாத்திரையை நிறுத்தினால் நாளையே பழையபடி ஆகிவிடாது. புதுத் தட்டணுக்கள் உருவாகி வர வேண்டும். இன்னொன்று: ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் கவுன்ட் 2 லட்சத்துக்கு மேல் இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை இந்த மாத்திரைகள் குறைப்பதில்லை, ஒட்டும் தன்மையைத்தான் குறைக்கின்றன. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ரத்தக்கசிவு வருமா வராதா என்று சொல்ல முடியாது.

இந்த ஜோடிக்கு வழி திறந்த பெரிய ஆய்வு 2001-ல் வெளியான 'கியூர்'. 12,562 பேர். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 11.4 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய மரணமோ நேர்ந்தது. குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுத்தவர்களில் 9.3. பெரிய ரத்தக்கசிவு 2.7-லிருந்து 3.7 ஆனது. நூறு பேரில் ஏறக்குறைய இருவர் தப்பினார்கள், ஒருவருக்கு ரத்தம் கசிந்தது. இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக இருப்பது, அந்த ஒன்று ஒன்றாகவே இருக்கும் வரைதான்.

ரத்தம் எங்கெல்லாம் கசியும்? தோலுக்கடியில் கன்றிப்போவது, பல் தேய்க்கும்போது ஈறில் கசிவது, ஷேவிங் செய்யும்போது கீறினால் நிற்க நேரமாவது, அரிவாள்மணையில் விரல் பட்டால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது. இவை தொல்லை, ஆபத்து இல்லை. மூக்கில் ரத்தம் வருவதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிஷம் விடாமல் பிடித்தால் நிற்கும். அண்ணாந்து படுக்கக் கூடாது, ரத்தம் தொண்டைக்குள் போகும்.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. சித்திரை, வைகாசியில் வேலூரில் மூக்கில் ரத்தம் வந்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. "சூடு ஏறிடுச்சு, மோர் குடி" என்பார்கள். காற்று காய்ந்தால் மூக்கின் உள்தோல் வெடிப்பது உண்மைதான், மோர் குடிப்பதிலும் தப்பில்லை. ஆனால் மலம் கறுப்பாகப் போனாலும் அதே சூடு, வயிறு எரிந்தாலும் அதே சூடு, தலை சுற்றினாலும் அதே சூடு என்று கணக்கு எழுதும்போதுதான் நாள் கடந்துவிடுகிறது. ஜோடி மாத்திரை எடுப்பவரின் மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கமில்லாத கெட்ட நாற்றத்தோடு போனால் அது வயிற்றிலிருந்து வரும் ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. சந்தேகம் வந்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். காபித்தூள் கசடு போல வாந்தி எடுத்தால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

வயிறு ஏன் இவ்வளவு எளிதில் கசிகிறது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "கோட்டிங் போட்ட ஆஸ்பிரின், வயித்துல கரையாது, ஒண்ணும் பண்ணாது" என்று கடையில் சொல்வார்கள். மாத்திரை இரைப்பைச் சுவரில் பட்டுப் புண்ணாக்குவது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் பசையைச் சுரக்கச் செய்யும் பொருளும், தட்டணுவில் ஆஸ்பிரின் நிறுத்துகிற அதே நொதியால்தான் உருவாகிறது. ஆஸ்பிரின் குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்தாலும் அந்தக் காவல் போய்விடும். அதன்பின் ஒரு சிறு புண் வந்தாலே போதும். குளோபிடோக்ரெல் புண்ணை உண்டாக்குவதில்லை, இருக்கிற புண்ணை ஆற விடாமலும் ரத்தத்தை நிற்க விடாமலும் செய்கிறது.

அதற்காகத்தான் 'கேஸ் மாத்திரை' என்று நாம் சொல்லும் பான்டோபிரசோலைச் சேர்த்து எழுதுகிறார்கள். பலர் முதலில் நிறுத்துவது இதைத்தான். "எனக்கு கேஸ் இல்லையே, எதுக்கு இது?" கேஸுக்காக எழுதப்பட்டதில்லை அது, ரத்தக்கசிவைத் தடுக்க. 2010-ல் வந்த 'கோஜென்ட்' ஆய்வில் ஜோடி மாத்திரையோடு அமிலம் குறைக்கும் மருந்தும் எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் வயிறு, குடல் தொந்தரவு 100-க்கு 1.1 பேருக்கு, எடுக்காதவர்களில் 2.9 பேருக்கு. ஒரு சின்னக் கவனம்: ஓமெப்ரசோல், ஈசோமெப்ரசோல் இரண்டும் கல்லீரலில் குளோபிடோக்ரெல் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது. பான்டோபிரசோல் இல்லை என்று சொல்லிக் கடையில் ஓமெப்ரசோல் கொடுத்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, அந்த மூன்றாவது மாத்திரைக்கு வருவோம்.

அறுபது வயதுக்கு மேல் இதய நோயும் மூட்டு வலியும் ஒரே உடம்பில்தான் குடியிருக்கின்றன. பீடி சுற்றும் அம்மாவுக்கு இடுப்பு வலி, கழனி வேலை செய்யும் பெரியவருக்கு முட்டி வலி. மெடிக்கல்லில் போய் நின்று, "முட்டி வலி தாங்கலணா, ஒரு செட்டு குடுங்க" என்றால் அட்டையிலிருந்து கத்தரித்து நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒரு டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக் இருக்கும், சில நேரம் ஒரு ஸ்டீராய்டு இருக்கும், ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். பெயர் எழுதியிருக்காது. வலி அன்றைக்கே போய்விடும், அதனால் அடுத்த வாரமும் அதே கடை.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் எல்லாம் ஆஸ்பிரினின் உறவுக்காரர்கள். இரைப்பையின் அதே காவலை இவையும் எடுத்துவிடுகின்றன. ஸ்டீராய்டு சேர்ந்தால் புண் ஏற்படும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இரண்டு வழியில் தட்டணுவைக் கட்டிப்போட்ட உடம்பில் இதைப் போடுவது, கசிவை வரவழைத்து உட்கார வைப்பதுதான். போதாததற்கு, இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பி.பி.யையும் கெடுக்கும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். ஐபுப்ரோஃபெனில் இன்னொரு விசேஷம் உண்டு. ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் அது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரின் வேலையே செய்யாது. ரத்தக்கசிவும் கூடும், பாதுகாப்பும் குறையும்.

ஆகவே வலிக்கு முதலில் பாராசிட்டமால். அது போதவில்லையென்றால் களிம்பு, ஒத்தடம், பிசியோதெரபி, அப்புறம் டாக்டர். கடைக்காரரிடம் கேட்கும்போதே "ஸ்டென்ட் வெச்சிருக்கு, ரெண்டு மாத்திரை போடறேன்" என்று சொல்லிவிட்டால் பல கடைக்காரர்கள் வலி மாத்திரையைக் கொடுக்கவே தயங்குவார்கள். சொல்லாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, பெயர் ஒட்டாத வலிப்பொடிகள். மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. பூண்டு, இஞ்சி, மஞ்சள் சமையலில் சேர்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை. அவற்றையே காப்ஸ்யூலாக நிறைய எடுப்பது வேறு கதை, கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது.

ஊசியும் இதே கணக்குதான். இடுப்பில் வலி ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டி வீங்கலாம். கீழே விழுந்து கால் வீங்கினால் புத்தூர்க் கட்டு போடுகிற இடத்துக்குப் போய் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். இந்த மாத்திரை எடுப்பவருக்கு உருவிவிடவே கூடாது. உள்ளே கசிவது இன்னும் பெருகும்.

வால்வு மாற்றியவர்களும் படபடப்பு நோய் உள்ளவர்களும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் 'அசிட்ரோம்' போன்ற வேறு ரக மாத்திரை எடுப்பார்கள். அதோடு இந்த ஜோடியும் சேர்ந்தால் ரத்தக்கசிவு பல மடங்கு கூடும். இதை டாக்டரே கணக்குப் போட்டு ஆஸ்பிரினை முடிந்தவரை சீக்கிரம் நிறுத்துவார். நோயாளி செய்ய வேண்டியது, இரண்டு டாக்டரிடமும் இரண்டு சீட்டையும் காட்டுவது.

சீட்டு என்றதும் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 'குளோபிடாப் ஏ' என்பதில் வரும் 'ஏ' ஆஸ்பிரின். அதாவது ஒரே மாத்திரைக்குள் இரண்டும் இருக்கின்றன. 'எக்கோஸ்பிரின் ஏவி' என்பதில் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினும். ஆஸ்பத்திரியில் முதலாவதை எழுதியிருப்பார்கள், பிறகு ஊரில் வேறு டாக்டர் இரண்டாவதை எழுதுவார். பெயர் வேறு, நிறம் வேறு, அதனால் வீட்டில் இரண்டையும் சாப்பிடுவார்கள். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் 150 ஆகிவிட்டது, யாருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் அளவு கூடினால் பாதுகாப்பு கூடுவதில்லை, வயிற்றுக் கசிவுதான் கூடுகிறது. டிகாக்ரெலார் எடுப்பவருக்கு ஆஸ்பிரின் 100-க்கு மேல் போனால் டிகாக்ரெலாரின் பலனே குறைகிறது.

டிகாக்ரெலாருக்கு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு: மூச்சு வாங்குவது. 2009-ல் வந்த 'பிளேட்டோ' ஆய்வில் இதை எடுத்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 14 பேர் மூச்சுத்திணறல் சொன்னார்கள். குளோபிடோக்ரெல் எடுத்தவர்களில் 8 பேர். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும், லேசாக இருக்கும், தானாகக் குறையும். நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு மூச்சு வாங்கினால் வீடே நடுங்கிவிடும். அதில் மூன்று காரணம் இருக்கலாம்: மாத்திரை, இதயமே பலவீனமாவது, வெளியே தெரியாமல் வயிற்றில் கசிந்து கசிந்து ஹீமோகுளோபின் இறங்கிப்போவது. மூன்றாவதை நாம் அதிகம் தவற விடுகிறோம். சோர்வு, மாடி ஏறினால் இரைப்பு, முகம் வெளுப்பு. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும் கண்டுபிடிக்க. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலே அதிக ரத்தக்கசிவு வாய்ப்புள்ளவர் என்று 2019-ல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவுகோல் சொல்கிறது. நம் பெண்களில் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே அந்த அளவுக்குக் கீழே இருப்பவர்கள் ஏராளம்.

பிரசுக்ரெல் பற்றிச் சுருக்கமாக: முன்பு பக்கவாதம் வந்தவருக்குக் கூடாது. 75 வயது தாண்டியவருக்கும் 60 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவருக்கும் யோசித்துத்தான் தருவார்கள். குளோபிடோக்ரெலில் சிலருக்குத் தோல் தடிப்பு, அரிப்பு வரும். மிக மிக அபூர்வமாக, முதல் இரண்டு வாரத்துக்குள், தட்டணு எண்ணிக்கையே விழுந்து காய்ச்சல், மஞ்சள் தட்டுவது, குழப்பமான பேச்சு என்று வரும் டி.டி.பி. என்ற நோய் உண்டு. பார்ப்பது அரிது.

எல்லாவற்றிலும் பயங்கரமானது மூளையில் கசிவது. அதுவும் அரிது, ஆனால் பி.பி. கட்டுக்குள் இல்லாதவருக்கு வாய்ப்பு கூடுகிறது. திடீர்க் கடும் தலைவலி, வாய் கோணுவது, பேச்சு குழறுவது வந்தால் நேரே ஆஸ்பத்திரி. தலையில் அடி பட்டாலும் அப்படித்தான். தை, மாசியில் மாடு விடும் விழா பார்க்கப் போய் முட்டித் தள்ளப்பட்டவர், பைக்கிலிருந்து சறுக்கி விழுந்தவர், இந்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் "சின்ன அடிதான்" என்று வீட்டில் படுக்க வைக்கக் கூடாது. கண்ணாடி விரியன் கடித்தாலும் உடனே சொல்ல வேண்டிய தகவல் இது. அந்த விஷம் ரத்தம் உறைவதைக் கெடுப்பது. சிகிச்சை தருபவருக்கு மாத்திரை விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு வரும். டெங்குவில் தட்டணு எண்ணிக்கை விழும். இருக்கிற தட்டணுவும் வேலை செய்யாத உடம்பில் அது விழுந்தால் சிக்கல் இரட்டிப்பு. ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லையென்றால் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, தொடர்வதும் ஆபத்து. எந்த எண்ணிக்கையில் எதை நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் காய்ச்சல் பார்க்கும் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

பயந்துபோய்த் தாமாக நிறுத்துவதும் ஒரு பக்க விளைவுதான் என்று நான் சொல்வேன். கையில் நாலு இடத்தில் கன்றியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் "ரெண்டும் எதுக்கு, ஒண்ணு போதும்" என்றார், நிறுத்திவிட்டார். 2013-ல் வந்த 'பாரிஸ்' பதிவேடு இதைப் பார்த்தது. டாக்டர் சொல்லி நிறுத்தியவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. ரத்தக்கசிவாலோ அலட்சியத்தாலோ இடையில் விட்டவர்களுக்குக் கூடியது, அதுவும் முதல் வாரத்தில் மிக அதிகம். பல் பிடுங்குவதற்கும் கண்புரை அறுவைக்கும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. பெரிய அறுவைக்கு குளோபிடோக்ரெலை 5 நாள், பிரசுக்ரெலை 7 நாள் முன்பு நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். கண் முகாமில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் பெரியவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ரமலானில் இதே கேள்வி வேறு மாதிரி வரும். ஒருவேளை மாத்திரைகளை இஃப்தாருக்குப் பின் எடுக்கலாம், இருவேளை டிகாக்ரெலாரை இஃப்தாருக்கும் சஹருக்கும் பிரிக்கலாம். ஸ்டென்ட் புதிது என்றால் நோன்பு வைக்கலாமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். நோன்புக்காக ஒருவேளையை விடுவது மட்டும் வேண்டாம்.

கடைசியாக, எத்தனை நாள்? மாரடைப்புக்குப் பின் வழக்கமாக 12 மாதம். மாரடைப்பு இல்லாமல் அடைப்புக்காக வைத்த ஸ்டென்டுக்கு 6 மாதம். ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகமுள்ளவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்திலேயே ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். லேசான பக்கவாதத்துக்கு இன்னும் குறைவு. 2013-ல் சீனாவில் நடந்த 'சான்ஸ்' ஆய்வு ஜோடியை 21 நாள்தான் கொடுத்தது. ஆனால் நம் ஊரில் மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டை, மடிப்புக் கிழிந்து டேப் ஒட்டிய சீட்டை, நீட்டி மாதாமாதம் அதே மாத்திரையை வாங்குகிறவர்கள் உண்டு. நிறுத்தச் சொன்ன தேதிக்கு யாரும் போகவில்லை, அவ்வளவுதான். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஜோடியை நீண்டகாலம் கொடுத்துப் பார்த்த 'மேட்ச்' ஆய்வில், 2004-ல், உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு 1.3 சதவீதத்திலிருந்து 2.6 ஆனது. தெளிவான பலன் எதுவும் கூடவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே "ரெண்டாவது மாத்திரையை எந்த மாசம் நிறுத்தணும்?" என்று கேட்டு, அந்த மாதத்தைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து இங்கே வைத்தியம் பார்த்துப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் திரும்ப வருவது எப்போதோ. நாள் வந்ததும் எது நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வழக்கமாக குளோபிடோக்ரெலை நிறுத்தி ஆஸ்பிரினை வைத்துக்கொள்வார்கள். இப்போது சிலருக்கு ஆஸ்பிரினை முதலில் எடுத்துவிட்டு மற்றதைத் தொடர்கிறார்கள். 2019-ல் வந்த 'ட்வைலைட்' ஆய்வில் மூன்று மாதத்துக்குப் பின் டிகாக்ரெலார் மட்டும் எடுத்தவர்களின் ரத்தக்கசிவு 7.1 சதவீதத்திலிருந்து 4.0 ஆகக் குறைந்தது. எனவே அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு இன்னொன்றும் நின்றால் டாக்டர் தவறாக எழுதிவிட்டார் என்று பொருளில்லை. ஜோடி ஒற்றையாகும் அன்றைக்கு, கேஸ் மாத்திரை இனியும் வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.